பாதி வாக்கியத்தில் நின்ற வண்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் கண்டக்டர்களுக்கு டிக்கெட் மெஷினை எப்படித் தட்டுவது என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கூட்டத்துக்குள் எப்படி நுழைந்து வெளியே வருவது என்பதை முதல் வாரத்தில் உங்கள் விலா எலும்பே உங்களுக்குச் சொல்லியிருக்கும். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. பயிற்சியில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. திடீரென்று ஒருநாள் உங்கள் வண்டியில் புதிதாக ஏதாவது ஒரு சாமானைப் பொருத்திவிட்டுப் போவார்கள். பொருத்தியவர் அதோடு சரி, மறுபடி வரமாட்டார். அதைப் பற்றி வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். எனக்கு அப்படி வந்து சேர்ந்தது இலவச வைஃபை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சுங்குவார்சத்திரம் போகிற வண்டியில் நான் கண்டக்டர். டிரைவர் ஏழுமலை. காஞ்சிபுரம் பக்கத்து ஆள். டீசலைத் தன் சொந்த ரத்தம் போல் நினைப்பவர். சிக்னலில் வண்டி நின்றால், அடுத்த நொடி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். டெப்போவில் டீசல் மிச்சம் பிடிப்பவர் பட்டியலில் அவர் பெயர் மேலேயே இருக்கும். அதில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு.

ஒருநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் வைத்த ஒரு சின்னப் பெட்டி. ஜன்னல் கண்ணாடியில் 'இலவச வைஃபை' என்று பெரிய ஸ்டிக்கர். சோதனை முயற்சி என்றார்கள். எதைச் சோதிக்கிறார்கள் என்று கேட்டேன். ஓட்டிப் பார்த்தால் தெரியும் என்றார்கள்.

முதல் நாளே தெரிந்தது. ஸ்டிக்கரை அவசர வழி ஜன்னலில் பாதியும் பக்கத்துக் கண்ணாடியில் பாதியுமாக ஒட்டியிருந்தார்கள். ஜன்னலை நகர்த்தினால் 'வைஃபை' உள்ளே போய் ஒளிந்துகொள்ளும், 'இலவச' மட்டும் வெளியே நிற்கும். படப்பையில் ஏறிய ஒரு பெரியவர் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெண்களுக்கு முன்பே இலவசம், இப்போது ஆண்களுக்கும் வந்துவிட்டது, போர்டிலேயே போட்டிருக்கிறது, நீ மறைக்கப் பார்க்கிறாய் என்றார். நான் ஜன்னலை இழுத்து 'வைஃபை'யைக் காட்டினேன். அவர் அதை நிதானமாகப் படித்தார். அப்படியானால் அந்த வைஃபை என்பவருக்கு மட்டும் இலவசமா என்று கேட்டார். அவரோடு சண்டை போட்டிருந்தால் ஒரகடம் வரைக்கும் போட்டிருக்கலாம். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துவிட்டு டிக்கெட் எடுத்துக்கொண்டார். தப்பாகப் புரிந்துகொண்டவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்காதீர்கள். தொழிலில் பாதிச் சண்டை இதனாலேயே வருகிறது.

ஆனால் பெரிய பிரச்சினை அந்தப் பெரியவர் அல்ல. வைஃபையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்தான்.

நம் ரூட் உங்களுக்குத் தெரியும். ஷிப்டு முடிந்து ஏறுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தென்காசி, திருநெல்வேலி, விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். அன்றைக்கு உள்ள நெட்டை மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே தீர்த்திருப்பார்கள். சாயங்காலத்துக்கு நம் வண்டிதான் கதி. முன்னால் போகிற வண்டி காலியாக இருந்தாலும் விட்டுவிட்டு, வைஃபை வண்டிக்காகக் காத்திருந்து ஏறுவார்கள். ஏறியதும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தலையைக் குனிவார்கள். அதற்கப்புறம் உலகமே இல்லை.

நான் "வல்லம், வல்லம்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒருவரும் அசைய மாட்டார்கள். வண்டி வல்லத்தைத் தாண்டியதும் ஒருவர் தலையைத் தூக்கி, என்ன சார் நிறுத்தவே இல்லை என்று என்னைப் பார்ப்பார். ஸ்ரீபெரும்புதூரில் இறங்க வேண்டியவர் சுங்குவார்சத்திரத்தில் இறங்கி நின்று, கடத்திக்கொண்டு வந்துவிட்டோம் என்பது போல் முறைப்பார்.

இதற்கு வழி கண்டுபிடித்தது ஏழுமலை. தெரிந்து கண்டுபிடிக்கவில்லை. ஒரகடம் சந்திப்பில் கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நிற்க, வழக்கம்போல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது, பெட்டியில் விளக்கு அணைந்தது, வண்டியில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் மேலே எழுந்தது. ஏழுமலை கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாபா இது. நீ இத்தினி நாளா கத்திக்கினு கீறே, ஒருத்தனும் திரும்பல. நான் சாவிய திருப்புனேன், எல்லாம் முழிச்சிக்கிச்சி பாரு" என்றார்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் முறையானது. பெரிய ஸ்டாப்புகள் வந்தால் ஏழுமலை எஞ்சினை அணைப்பார். தலைகள் எழும். நான் ஊர்ப் பெயரைச் சொல்வேன். இறங்க வேண்டியவர்கள் இறங்குவார்கள். மறுபடி எஞ்சின், மறுபடி பெட்டி, மறுபடி குனிந்த தலைகள். டீசலும் மிச்சம், என் தொண்டையும் மிச்சம். நாங்கள் இருவரும் மகா புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இசக்கியம்மாள் விஷயம் இதற்கப்புறம் நடந்தது.

இசக்கி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வல்லத்தில் கார்களுக்கு வயர் பின்னுகிற கம்பெனியில் வேலை. சுங்குவார்சத்திரத்தில் மூன்று பெண்களோடு அறையில் தங்கியிருந்தாள். தினமும் நம் வண்டிதான். அவளுக்குப் பக்கத்து சீட்டில் கன்னியம்மா உட்காருவார். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து மாற்றலாகி ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்குகிற வேலை பார்த்தவர், சுங்குவார்சத்திரத்துக்காரர். அவரிடம் இருந்தது பட்டன் போன். அதனால் வண்டியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரே பயணி அவர்தான். எனக்குப் பேச்சுத்துணையும் அவர்தான்.

அன்று வல்லத்தில் இசக்கி ஏறியபோது நான் கொஞ்சம் திகைத்தேன். இடுப்புக்கு மேலே பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. இடுப்புக்குக் கீழே கம்பெனி பேண்டும் கம்பெனி ஷூவும். யாரோ கூட வேலை செய்கிற பெண்ணின் சேலையை மேலுக்கு மட்டும் சுற்றிப் பின் குத்தியிருந்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு நெட்டு நல்லா கெடைக்கும்லா?" என்று கேட்டாள்.

கிடைக்கும் என்றேன். விஷயத்தைக் கன்னியம்மா சொன்னார். ஊரில் அவளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஜோசியரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்த நல்ல நேரம், சரியாக அவள் நம் வண்டியில் இருக்கிற நேரமாக அமைந்துவிட்டது. நேரத்தை மாற்ற மாட்டோம், பெண் போனில் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். போனில் இடுப்புக்குக் கீழே தெரியாது. அதனால்தான் இந்த அலங்காரம்.

ஜன்னல் வெளிச்சம் முகத்தில் சரியாக விழும்படி கன்னியம்மா அவளை உட்கார வைத்தார். வீடியோ கால் வந்தது. திரையில் ஒரு கூடம் நிறைய ஆட்கள். நடுவில் மாப்பிள்ளையின் அம்மா. மாப்பிள்ளை ஓரத்தில், ஒரு காது மட்டும் தெரியும்படி உட்கார்ந்திருந்தார். இசக்கி கும்பிட்டாள். ஊர், படிப்பு, சமையல் என்று கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. நான் பின்பக்கம் டிக்கெட் போடப் போய்விட்டேன்.

வண்டி ஸ்ரீபெரும்புதூர் வந்தது. கால் போய்க்கொண்டிருக்கிறது என்று ஏழுமலையிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் வழக்கம்போல் சாவியைத் திருப்பினார். விளக்கு அணைந்தது. தலைகள் எழுந்தன. நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

இசக்கி மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் அம்மா, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகிற எண்ணம் உண்டா என்று கேட்டிருக்கிறார். இசக்கி அந்தக் கேள்விக்காகவே நாலு நாளாகப் பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "வேலை வேண்டாம்னு யாராச்சும் சொன்னா, எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம் அத்தை" என்பதுதான் பதில். அதில் முதல் இரண்டு வார்த்தை சங்கரன்கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி ஸ்ரீபெரும்புதூரிலேயே நின்றுவிட்டது.

அவள் என்னிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அப்பா சாதாரணக் காலில் கூப்பிட்டுவிட்டார். அந்த அப்பாவின் குரல் மூன்று சீட்டுக்குக் கேட்டது. நல்லா சொன்னம்மா, எல்லாருக்கும் ரொம்பச் சந்தோசம், வேலை வேண்டாம்னு நீயே சொல்லிட்ட, அவுகளுக்கு அதுதான் ஒரே குறையா இருந்துச்சு, நல்ல நேரம் முடியிறதுக்குள்ள இப்பவே வெத்தலைபாக்குத் தட்டு மாத்திரலாம்னு சொல்லுதாக என்றார். இசக்கி, அப்பா நான் சொன்னது அது இல்லை என்று ஆரம்பித்தாள். அங்கே ஒரே இரைச்சல். அவர் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிட்டார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். ஊரில் தட்டு மாற்றப் போகிறார்கள். மாற்றிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. இங்கே வண்டி ஸ்டாப்பில் நிற்கிறது. வெளியே டைம் கீப்பர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கை காட்டுகிறார். நெட் போனதால் நிமிர்ந்த தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. நம் ஊரில் விஷயம் தெரிந்தால் கருத்தும் கூடவே வந்துவிடும்.

முதல் கருத்தைச் சொன்னவர் ஒரு லைன் சூப்பர்வைசர். தினமும் ஒரகடத்தில் ஏறி, மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பவர். "விடும்மா. இப்ப சரின்னு இருந்துடு. கல்யாணம் ஆனப்புறம் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கலாம்" என்றார்.

கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ கட்டிக்கினப்புறம் உன் பொண்டாட்டியாண்ட என்னிக்காச்சும் பக்குவமா பேசிக்கீறியா?" என்று கேட்டார்.

சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள். நல்ல இடம், விடாதே என்று சிலர். இப்பவே சொல்லிவிடு என்று சிலர். கடைசியில் யாரோ, கண்டக்டர் அண்ணே நீங்க பெரியவர், நீங்க சொல்லுங்க என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வண்டிக்குள் நிற்கும்போது, எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லலாம் என்ற ஆசை வரும். எனக்கும் வந்தது. என் வீட்டிலும் பெண் பிள்ளை இருக்கிறது, எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் ஏழுமலை சீட்டிலிருந்து திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. பசிக்கிறது என்பதாகக்கூட இருக்கலாம். ஆனால் எனக்குச் சொல்ல வந்தது நின்றுவிட்டது.

நான் அவளிடம், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் சொல்ல வந்ததை முழுசாச் சொல்லணும் அண்ணாச்சி. எல்லாரும் பாக்க, அவுக மொகத்துக்கு நேரா. அப்பாகிட்டச் சொன்னா அப்பா அங்கன சொல்லமாட்டாக. சொல்லி முடிச்சுட்டா அப்புறம் அவுக இஷ்டம்" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது. கல்யாணம் செய்யலாமா வேண்டாமா என்பது என் வேலை இல்லை. ஒரு பயணி வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்கிறாள். அது வண்டி சம்பந்தப்பட்டது. அதற்கு நான் ஏதாவது செய்ய முடியும்.

ஏழுமலையிடம் போய், எஞ்சினைப் போடுங்கள், நான் சொல்கிற வரைக்கும் எந்த ஸ்டாப்பிலும் அணைக்காதீர்கள் என்றேன். அவர் ஒரு கணம் யோசித்தார். அவர் மனதில் டீசல் சொட்டுச் சொட்டாக ஒழுகுவது எனக்கே தெரிந்தது. பிறகு சாவியைத் திருப்பினார். டைம் கீப்பருக்குக் கை காட்டிவிட்டு வண்டியை நகர்த்தினார்.

பெட்டியில் சிவப்பு விளக்கு. அது பச்சையாக எப்போதும் கொஞ்ச நேரம் எடுக்கும். மொத்த வண்டியும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது தங்கள் நெட்டைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். மிச்சம் வைத்திருப்பவர் எவரும் இந்த வண்டியில் ஏறியிருக்கவே மாட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது.

விளக்குப் பச்சையானது. இசக்கி வீடியோ காலை அழுத்தினாள். சுற்றிக்கொண்டே இருந்தது, சேரவில்லை. பின் சீட்டில் இருந்த ஒரு டிப்ளமா படித்தவர்தான் காரணம் சொன்னார். விளக்குப் பச்சையான அந்த நொடியே வண்டியில் இருந்த எல்லோரும் அவரவர் படத்தையும் பாட்டையும் திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். அத்தனை பேரையும் அந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

நான் வண்டியின் நடுவில் போய் நின்றேன். டிக்கெட் கேட்கிற குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னேன். இந்தப் பெண் ஊருக்குப் பேசி முடிக்கிற வரைக்கும் எல்லோரும் போனில் வைஃபையை அணையுங்கள், பேச்சும் வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாகப் போன்கள் மடியில் இறங்கின. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வந்தவர்கள் அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

சூப்பர்வைசர் மட்டும் அணைக்கவில்லை. கடைசி ஓவர் சார் என்றார்.

"ஜெயிச்சா காலையில பேப்பர்ல வரும் சார். இது வராது" என்றேன்.

அவர் போனைப் பார்த்தார், இசக்கியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டுவிட்டு அணைத்தார். அன்று யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் அதைப் பற்றி அப்புறம் என்னிடம் பேசவே இல்லை. தோற்றிருப்பார்கள்.

கால் சேர்ந்தது. திரையில் தாம்பாளத் தட்டு தெரிந்தது. யாரோ கையில் தூக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் மாப்பிள்ளையின் அம்மா. இசக்கி போனை நேராகப் பிடித்துக்கொண்டாள்.  கன்னியம்மா அவள் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார்.

"அத்தை, நான் சொன்னது பாதிதான் வந்துச்சு. தட்ட கீழ வைங்க, மீதியும் சொல்லிருதேன்" என்றாள். சொன்னாள். மனப்பாடம் செய்ததை ஒரு வார்த்தை விடாமல், வேகமாக, மூச்சு விடாமல் சொன்னாள்.

வண்டிக்குள் சத்தமே இல்லை. ஏழுமலை ஹாரன் அடிக்கவில்லை. பெங்களூர் ஹைவேயில் ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பது உங்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு ஸ்டாப்பில் ஏறியவர்களுக்கு நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அதில் ஒருவர் பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, யாராவது இறந்துவிட்டார்களா என்று என் காதில் கேட்டார். இல்லை, பெண் பார்க்கிறார்கள் என்றேன். அவர் இரண்டும் ஒன்றுதான் என்பது போல் தலையாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றார். இறங்க வேண்டியவர்களைத் தோளைத் தொட்டுத் தொட்டு இறக்கிவிட்டேன். இறங்க மனமில்லாமல் இறங்கினார்கள். ஒருவர் இறங்கவே இல்லை.

திரையில் அந்த அம்மா தட்டைக் கீழே வைக்கச் சொல்லிக் கை காட்டினார். பிறகு, "பக்கத்துல இருக்காகளே, அவுக யாரும்மா? ஒனக்குச் சொந்தமா?" என்று கேட்டார். கன்னியம்மாவின் முகம் முழுசாகத் திரையில் இருந்திருக்கிறது. கூட வர்றவுக என்றாள் இசக்கி. உடனே அந்த அம்மா கன்னியம்மாவிடமே நேராக, நீங்க சொல்லுங்க, பிள்ளை எப்படி என்று கேட்டுவிட்டார்.

பேசக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். கன்னியம்மா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"இன்னாத்த சொல்றது. தெனிக்கும் இதே வண்டில வருது. காத்தால எனக்கு சீட்டு புடிச்சி வைக்கும். அதோட வூடு வாசல்லாம் எனக்குத் தெரியாது. இவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது" என்றார் கன்னியம்மா.

அவர் சொன்னதில் அந்த அம்மாவுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பக்கத்தில் இருந்தவரிடம், என்ன சொல்லுதாக என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. பிறகு, "சரிம்மா. நாங்க ஊருக்குப் போயிக் கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்" என்றார். கால் முடிந்தது.

கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் மாநிலத்தில் எல்லோருக்கும் தெரியும். சுங்குவார்சத்திரம் வரைக்கும் ஒருவரும் வைஃபையைத் திரும்பப் போடவில்லை. இசக்கி பூவை எடுத்துக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டு, சேலையை உருவி மடித்துப் பையில் வைத்தாள். கம்பெனிச் சட்டையோடு எழுந்து நின்றாள். இறங்கும்போது என்னிடம், சொல்லிட்டேன் அண்ணாச்சி என்றாள். அழவில்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. சூப்பர்வைசர் நான் அப்பவே சொன்னேன் என்று ஆரம்பித்தார். கன்னியம்மா திரும்பிப் பார்த்ததும் இறங்கிப் போய்விட்டார்.

நான் செய்தது சரியா தப்பா என்று பல நாள் யோசித்தேன். ஒருவேளை சூப்பர்வைசர் சொன்னதுதான் நடைமுறைக்கு ஒத்ததோ என்னவோ. ஆனால் அவர் சொன்னபடி நடந்திருந்தாலும், அதுவும் எஞ்சின் அணைந்ததால் முடிவானதாகத்தான் இருந்திருக்கும். நாம் வண்டி ஓட்டுகிறவர்கள். நம் சாவியால் ஒருவருடைய வாழ்க்கை ஒரு பக்கம் திரும்பிவிட்டால், அதைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும்தான் நம் பொறுப்பு. அங்கிருந்து எந்தப் பக்கம் போவது என்பது அவர்கள் பாடு. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாடம்.

அதற்கப்புறம் ஏழுமலை எஞ்சினை அணைக்கிற தந்திரத்தை விட்டுவிட்டார். ஸ்டாப் வந்தால் நானே சீட்டுச் சீட்டாகப் போய்த் தட்டி எழுப்பினேன். தொண்டைக்குப் பதில் கால் வலித்தது. வண்டியில் இசக்கியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் போன் அடித்தால் போதும், பல காதுகளிலிருந்து மாட்டியிருந்தது மெல்லக் கீழே இறங்கும்.

ஊரிலிருந்து பதில் வரவே இல்லை. வந்தது வேறொன்று. கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் அவள் ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினாள். மாப்பிள்ளையே தனியாகப் போன் செய்தாராம். ராஜபாளையத்தில் அவர் வேலை செய்கிற மில்லில் வாரத்தில் பாதி நாள்தான் வேலையாம். அதைப் பெண் வீட்டில் சொல்லக்கூடாது என்று அவர் அம்மா சொல்லியிருந்தாராம். பெண் பார்த்த அன்று இவள் பேசியதைக் கேட்டுவிட்டு, பேச வேண்டியதை வண்டி முழுக்க ஆள் இருக்கும்போதே பேசிவிட்டாளே, நாம் நாலு பேர் இருக்கும் கூடத்தில் வாயைத் திறக்கவில்லையே என்று வெட்கமாக இருந்ததாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் அவர் கேட்ட கேள்வியை இசக்கி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"அங்கன ஆளு எடுக்காகளான்னு கேக்காரு அண்ணாச்சி."

எடுத்தார்கள். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அவருக்கு இரண்டாவது ஷிப்டு கிடைத்தது. அம்மாவை அவர் எப்படிச் சமாதானம் செய்தார் என்று தெரியாது. கல்யாணம் ஊரில் நடந்தது. கன்னியம்மா மட்டும் போய்விட்டு வந்தார். வந்து அந்த ஊர்ப் பேச்சைப் பற்றி எங்களுக்கு ஒரு வாரம் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மாவும் அவரும் ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமலேயே நல்ல சிநேகிதமாகிவிட்டார்கள்.

இதற்கிடையில் ஒருநாள் வண்டியிலிருந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சோதனை முடிந்தது என்றார்கள். முடிவு என்ன என்று கேட்டேன். மேலிடத்துக்கு அனுப்புவோம் என்றார்கள். பயணிகள் ஒரு வாரம் என்னைத் திட்டினார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் தினமும் பார்த்தது. இசக்கி ஷிப்டு முடிந்து நம் வண்டியில் சுங்குவார்சத்திரம் வந்து இறங்குவாள். அவள் வீட்டுக்காரர் அதே வண்டி திரும்பும்போது ஏறி வேலைக்குப் போக ஸ்டாண்டில் நிற்பார். இருவரும் புதிதாக எடுத்திருந்த அறைக்கு ஒரே சாவி. அவர் கையிலிருந்து அவள் கைக்குச் சாவி மாறும். அவள் அறைக்குப் போகும்போது அவர் இருக்க மாட்டார், அவர் திரும்பி வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையை விட்டால், வண்டி அங்கே நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற நேரம்.

முதல் நாள் ஏழுமலை டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அவள் வேக வேகமாகப் பேசினாள். மோட்டார் போட்டீங்களா, தொட்டியில தண்ணி இருக்கா, நேத்து பால் பாக்கெட்ட வெளியவே வச்சுட்டீங்க, திரிஞ்சு போச்சு. அவர் போட்டேன், இருக்கு, மறந்துட்டேன் என்று பதில் சொன்னார். பிறகு இருவரும் பால் யாரால் கெட்டது என்று சண்டை போட்டார்கள்.

"இதுக்காபா நான் அவ்ளோ டீசல ஊத்துனேன்?" என்றார் ஏழுமலை.

வண்டி எடுக்கிற நேரம் வந்தது. டைம் கீப்பர் கை காட்டினார். ஏழுமலை ஏறி உட்கார்ந்து எஞ்சினைப் போட்டார். நான் விசிலை வாயில் வைத்தேன். இசக்கியின் வீட்டுக்காரர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு இன்னும் அவளோடு வாதாடிக்கொண்டிருந்தார். நீங்கள் நேரத்துக்கு வண்டியை எடுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நானும் எடுத்தேன். ஆனால் ஊதுவதற்கு முன்னால் படியைப் பார்த்தேன். அவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, போங்க என்று தோளில் ஒரு அடி வைத்தாள். அவர் மேலே ஏறினார். அதற்கப்புறம்தான் ஊதினேன்.